கூலி இல்லாமல் பாடம் நடத்தும் நம் வீட்டுப் பெண்கள்

(மும்பை தாராவிக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நாக்காவில் நின்று வேலைக்குப் போகும் கொத்தனாருக்கு ஒரு வாரக்கூலி வரவில்லை என்றால், அடுத்த வாரம் அந்த மேஸ்திரியின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். தோல் பட்டறையில் நிற்பவரும் அப்படித்தான். இட்லி சுட்டுக் கூடையில் சுமந்து விற்கும் அம்மாவும் அப்படித்தான். கணக்குப் பார்க்காமல் உழைப்பைக் கொடுத்துவிட்டு வர நமக்கு வசதி கிடையாது.

ஆனால் அதே கொத்தனாரின் மகள் கடன் வாங்கி பி.எட். படிக்கிறாள். படித்து முடித்துப் பக்கத்து வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் சேருகிறாள். காலை ஏழு மணிக்குப் போகிறாள், நாற்பது, ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள், நோட்டு மூட்டையோடு வீட்டுக்கு வருகிறாள். ஓராண்டு, ஈராண்டு, நான்காண்டு ஆகியும் சம்பளம் இல்லை. கேட்டால், "ஆட்டோவுக்கு வைத்துக்கொள்" என்று இரண்டாயிரமோ மூவாயிரமோ கையில் திணிக்கிறார்கள். நாமும் ஊருக்குக் கடிதம் எழுதும்போது, "பொண்ணு டீச்சரா இருக்கு" என்று பெருமையாக எழுதுகிறோம்.

அப்பன் ஒரு வாரம் பொறுக்கமாட்டான், மகள் நான்காண்டு பொறுக்கிறாள். இது ஏன்? இந்த ஒரு கேள்விக்குத்தான் இன்று நான் பதில் சொல்லப் போகிறேன்.

அவளைப் பொறுக்க வைப்பது ஒரு வாக்குறுதி. "இப்போது சும்மா வாம்மா. கிராண்ட் வந்ததும் உன்னைத்தான் முதலில் பெர்மனண்ட் செய்வோம்." நம் வீட்டுப் பெண்களின் இளமை இந்த ஒரு வாக்கியத்தில்தான் அடகு போகிறது. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று பார்ப்போம்.

கிராண்ட் என்னும் கானல் நீர்

மகாராஷ்டிரத்தில் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசே மானியமாகக் கொடுத்து வந்தது. சங்கமோ டிரஸ்டோ பள்ளியை நடத்தும், அரசு சம்பளம் தரும். அந்த வேலை கிட்டத்தட்ட அரசாங்க வேலைக்குச் சமம். அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

2001-ஆம் ஆண்டு அரசு ஒரு முடிவெடுத்தது. இனிமேல் புதிய பள்ளிகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் "காயம் விநா அனுதானித்", அதாவது நிரந்தரமாக மானியம் இல்லாத பள்ளி என்ற நிபந்தனையோடுதான் அனுமதி என்றது. பள்ளிகள் முளைத்தன. கிராமப்புறத்து மராத்தி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அவற்றில் சேர்ந்தார்கள். சம்பளம் இல்லை, இன்றோ நாளையோ கொள்கை மாறும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2009-இல் "காயம்" என்ற சொல்லை அரசு நீக்கியது. சொல் போனதே தவிர பணம் வரவில்லை. 2016-இல்தான் பெருமளவில் 20 சதவிகித மானியம் அறிவிக்கப்பட்டது. அதாவது முழுச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு படிப்படியாக அடுத்த 20, அதற்கடுத்த 20. ஒவ்வொரு படிக்கும் ஒரு போராட்டம். 2024 அக்டோபரில் அடுத்த படியை அறிவித்துவிட்டுப் பணத்தை ஒதுக்காமல் விட்டார்கள். அந்தப் பணத்தைக் கேட்டுத்தான் 2025 ஜூலையில், கொட்டும் மழையில், ஆசிரியர்கள் நம் ஆசாத் மைதானத்தில் வந்து குவிந்தார்கள்.

கணக்குப் பாருங்கள் தோழர்களே. 2001-க்குப் பின் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், ஐந்தில் ஒரு பங்கு சம்பளம் பார்க்கும்போது நாற்பதை நெருங்கியிருப்பார். பகலில் பாடம் நடத்தி, மாலையில் வயலில் இறங்கியும் கடையில் நின்றும் பிழைத்தார்கள்.

இது மகாராஷ்டிரத்தில் மட்டும் உள்ள நோய் அல்ல. பீகாரில் "வித்த ரஹித்" என்று, அரசின் நிதி இல்லாமல் அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிகளும் கல்லூரிகளும் பல்லாண்டுகள் நடந்தன. 2008-இல் அரசு அந்தக் கொள்கையைக் கைவிட்டு, தேர்ச்சி பெறும் மாணவர்களின் கணக்கைப் பார்த்து மானியம் என்று மாற்றியது. அஸ்ஸாமில் ஊர்மக்களும் இளைஞர்களும் சேர்ந்து தொடங்கிய "வென்ச்சர்" பள்ளிகளில் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்களை அரசுப் பணிக்கு எடுத்துக்கொள்ள 2011-இல் சட்டம் வந்தது. 2016-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2017-இல் மறுபடி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இடையில் காத்திருந்தவர்களின் வயது மட்டும் நிற்காமல் ஓடியது.

இப்போது நம் பெண்களுக்கு நேராக ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். 2009-இல் "காயம்" என்ற சொல்லை நீக்கியபோது ஆங்கிலவழிப் பள்ளிகளை அதில் சேர்க்கவில்லை. 2012-ஆம் ஆண்டின் சுயநிதிப் பள்ளிகள் சட்டப்படி அனுமதி பெற்ற பள்ளிகளும் அரசு மானியத்துக்கு உரியவை அல்ல. நம் தங்கைகளில் பெரும்பாலோர் வேலை செய்வது எங்கே? சின்னச் சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில். அங்கே ஒரு நிர்வாகி "கிராண்ட் வரும்" என்று சொன்னால், வராத ரயிலுக்கு உங்களைப் பிளாட்பாரத்தில் உட்கார வைக்கிறார் என்று பொருள். முதல் நாளே கேளுங்கள்: "இந்தப் பள்ளி எந்த வகையில் அனுமதி பெற்றது? அனுமதிக் கடிதத்தைப் பார்க்கலாமா?"

சட்டம் என்ன சொல்கிறது?

சரி, கிராண்ட் இல்லை. அப்படியென்றால் சம்பளமும் கிடையாதா? இங்கேதான் நிர்வாகிகள் நம்மைக் குழப்புகிறார்கள். மானியம் என்பது அரசுக்கும் பள்ளிக்கும் உள்ள கணக்கு. சம்பளம் என்பது பள்ளிக்கும் ஆசிரியருக்கும் உள்ள கணக்கு. முதல் கணக்கில் வரவு இல்லை என்பதற்காக இரண்டாவது கணக்கை அழித்துவிட முடியாது.

இதைச் சொல்வது நானல்ல. மகாராஷ்டிரத் தனியார் பள்ளி ஊழியர்கள் பணிநிலைமைச் சட்டம், 1977 சொல்கிறது. 1981 முதல் விதிகளோடு நடப்பில் உள்ள சட்டம் இது. அதன் மூன்றாவது பிரிவு, மானியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் மாநிலத்தின் தனியார் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தும் என்கிறது. நான்காவது பிரிவின்படி, விதிகளில் குறித்த ஊதியத்தைவிடக் குறைவாகக் கொடுக்கும் நிர்வாகத்தை, அந்த அளவுக்கு உயர்த்தும்படி எழுத்தில் உத்தரவிடக் கல்வி இயக்குநருக்குப் பொறுப்பு இருக்கிறது. ஐந்தாவது பிரிவு, நிரந்தரக் காலியிடத்தைத் தகுதியுள்ளவரைக் கொண்டு முறைப்படி நிரப்ப வேண்டும் என்றும், நன்னடத்தைக் காலத்தை முடித்தவர் நிரந்தரமானவராகக் கருதப்படுவார் என்றும் சொல்கிறது. அந்தக் காலம் முதலில் இரண்டாண்டாக இருந்தது. பின்னர் "சிக்ஷண் சேவக்" முறை சட்டத்துக்குள் வந்தபோது அவர்களுக்கு மூன்றாண்டு ஆனது. அந்த சிக்ஷண் சேவக்குகளுக்கே மதிப்பூதியம் 2023-இல் மாதம் 16,000, 18,000, 20,000 ரூபாய் என்று வகுப்பு நிலைக்கேற்ப உயர்த்தப்பட்டது. பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கே அரசு இந்தத் தொகையைக் கணக்கிடும்போது, உங்களுக்கு ஆட்டோக் காசு எந்தக் கணக்கில் வருகிறது?

ஏழாவது பிரிவை ஒவ்வொரு தங்கையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ராஜினாமாவைப் பற்றியது அது. வேலையை விட விரும்பும் ஊழியர் கடிதத்தை இரண்டு பிரதிகளாக எழுதி, இரண்டிலும் கையெழுத்திட்டு, தேதியும் போட்டு, ஒன்றைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்பி, மற்றொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விதியை எதற்காக வைத்தார்கள்? வேலையில் சேரும் அன்றே தேதி போடாத ராஜினாமாவில் கையெழுத்து வாங்கி மேஜையில் பூட்டிவைக்கும் வழக்கம் இருப்பதால்தான்! அப்படி ஒரு காகிதத்தை உங்களிடம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் கலங்காதீர்கள், சட்டம் கேட்கும் ராஜினாமா அது அல்ல.

ஒன்பதாவது பிரிவு: வேலையை விட்டு நீக்கினாலோ பதவியில் இறக்கினாலோ பள்ளித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு 30 நாள். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு, ஆனால் அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம்.

இன்னொரு சாக்கும் சொல்வார்கள். "எஜுகேஷன் ஆபீசர் உன் பெயரை அப்ரூவ் செய்யவில்லை, அதனால் நீ ஆசிரியையே அல்ல" என்பார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த வாதத்தை ஏற்கவில்லை. அதிகாரியின் ஒப்புதல் இல்லை என்ற ஒரே காரணத்தால் நியமனம் செல்லாததாகிவிடாது என்றும், தீர்ப்பாயத்தின் கதவு மூடப்படாது என்றும் அது தீர்ப்பளித்தது.

கசப்பான உண்மைகள்

உரிமை இருக்கிறது என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போவது எளிது. அதை நம்பி நீங்கள் படியேறி ஏமாந்தால் யார் பொறுப்பு? ஆகவே இச்சட்டம் எங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்கிறேன்.

முதலாவது, இந்தச் சட்டம் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்குத்தான். நம் குடிசைப் பகுதிகளில் அங்கீகாரம் இல்லாமலே பலகை மாட்டிய பள்ளிகள் உண்டு. மும்பை மாநகராட்சியே அப்படிப்பட்ட பள்ளிகளின் பட்டியலை வெளியிட்டு வந்திருக்கிறது. சேரும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இரண்டாவது, தகுதி. எத்தனை ஆண்டு உழைத்தாலும் சட்டம் கேட்கும் படிப்பு இல்லாதவர் நிரந்தரம் கோர முடியாது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிக்க "டெட்" தேர்வு வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று, மகாராஷ்டிரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற வழக்குகளில், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே இலவசமாக ஊழியம் செய்யும் நேரத்தில் பாதியைத் தேர்வுக்குச் செலவிடுங்கள் தங்கைகளே.

மூன்றாவது, வேலை எப்படி வந்தது என்ற கேள்வி. நிரந்தரக் காலியிடம் இருந்ததா? முறைப்படி தேர்வு நடந்ததா? எழுத்தில் நியமன ஆர்டர் உண்டா? "தற்காலிகம்" என்று எழுதிய ஆர்டரை வருடந்தோறும் வாங்கிக்கொண்டவர், காலம் ஓடியதாலேயே நிரந்தரமாகிவிட்டதாகச் சொன்னால் நீதிமன்றம் ஏற்பதில்லை. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்றால் இன்னும் கடினம். 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பின்வாசல் வழியாக வந்தவருக்கு நிரந்தரம் கிடையாது என்று சொல்லிவிட்டது. அனுமதிக்கப்பட்ட இடத்தில், தகுதியோடு, நீதிமன்றத் தடையாணையின் துணை இல்லாமல் பத்தாண்டு உழைத்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்குக் காட்டியது. அதே உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் தற்காலிகம் என்ற பெயரில் வாங்கிக்கொள்ளும் அரசுகள் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக்கூடாது என்றும் கண்டித்திருக்கிறது. கதவு முழுக்கத் திறக்கவில்லை, ஒரு விரற்கடை திறந்திருக்கிறது.

நான்காவது, எங்கே போவது என்பது. தொழிற்சாலைக்காரர் போகும் லேபர் கோர்ட்டுக்கு நம் பெண்களையும் அழைத்துப் போகிறார்கள் சில நண்பர்கள். 1988-இல் கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், ஆசிரியர் தொழில் தகராறு சட்டம் சொல்லும் "தொழிலாளி" அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தெரியாமல் அங்கே அலைந்தால் 30 நாள் கெடு வீணாகப் போய்விடும். நீக்கம் என்றால் பள்ளித் தீர்ப்பாயம், சம்பளம் என்றால் கல்வித் துறைக்கு எழுத்து மூலம் மனு, அங்கே அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றம்.

வெட்டி வேலை

இதெல்லாம் படித்தவர் பிரச்சினை, நமக்கென்ன என்று சில தோழர்கள் நினைக்கலாம். 1982-ஐ நினைவுபடுத்துகிறேன். டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடங்கள் எழும்பின. பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்த கூலிகள் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். குறைந்தபட்சக் கூலிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வழக்கில் நீதிபதி பகவதி அவர்கள் ஒரு பெரிய வார்த்தை சொன்னார். சாட்டையைக் காட்டி வேலை வாங்குவது மட்டும் கட்டாய உழைப்பு அல்ல. வேறு வழியில்லாத வறுமையில் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க ஒப்புக்கொண்டால், அதுவும் அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றார். தனியார் செய்தாலும் அது குற்றமே என்றார்.

நம் பாட்டன்மார் ஊரில் இதற்கு வெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். பண்ணையார் வீட்டில் வெட்டி வேலை செய்ய மறுத்து ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மூன்றாம் தலைமுறையில், கையில் பட்டத்தோடு, சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்து அதே வெட்டியைச் செய்வதா? "கல்வித் தொண்டு" என்று பட்டுச் சால்வை போர்த்தினால் வெட்டி தொண்டாகிவிடுமா? 2025 ஆகஸ்டில், குஜராத்தின் ஒப்பந்தக் கல்லூரி ஆசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது: விழாக்களில் "குரு பிரம்மா" பாடினால் போதாது, ஆசிரியரை நடத்தும் விதத்தில் அந்த மரியாதை தெரிய வேண்டும் என்று.

இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு, அதை மூடி மறைக்க வேண்டாம். இந்தச் சின்னப் பள்ளிகள் சிலவற்றை நடத்துவது நம்மவர்களே. "நம்மாள் பள்ளி, பொங்கல் விழாவுக்கு நன்கொடை தருகிறவர், அவரிடம் எப்படிக் கேட்பது?" என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். அவரும் ஒன்று சொல்வார்: "நான் வாங்கும் பீஸ் கொஞ்சம், முழுச் சம்பளம் கொடுத்தால் பள்ளியை மூட வேண்டியதுதான்." அவர் சிரமம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் மின்சார பில்லை நிறுத்தி வைக்கிறாரா? வாடகையை நிறுத்தி வைக்கிறாரா? நிறுத்தினால் விளக்கு அணையும், பூட்டு விழும். நிறுத்தினாலும் சத்தம் போடாதவள் ஆசிரியை ஒருத்திதான், அதனால் அவள் சம்பளம் கடைசிக்குப் போகிறது. அவருடைய பள்ளி நடக்க வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். நம் பெண்ணின் வயிற்றில் அடித்து நடக்க வேண்டாம் என்கிறோம். பீஸ் கட்டும் பெற்றோரும் நாம்தான். பீஸ் எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நாளைக்கே செய்ய வேண்டியவை

தங்கைகளே, காகிதம்தான் உங்கள் ஆயுதம். நியமன ஆர்டரை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், சேர்ந்த தேதி, வகுப்பு, பாடம் எல்லாம் குறித்து நீங்களே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 2025-இல் தபால் துறை பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியையும் சேர்த்து அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மஸ்டரில் தினமும் கையெழுத்திடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். டைம்டேபிள், தேர்வு மேற்பார்வை உத்தரவு, நீங்கள் திருத்திய மதிப்பெண் பட்டியல், பள்ளி விழா அழைப்பிதழில் உங்கள் பெயர் எல்லாமே சாட்சி.

இருபதாயிரம் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டு ஐயாயிரம் வாங்காதீர்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டை நிர்வாகத்திடம் ஒப்படைக்காதீர்கள். பாங்கில் சம்பளம் போட்டு, அதில் பாதியைத் திரும்பக் கையில் கேட்கும் இடங்களும் உண்டு. அப்படிக் கேட்டால் தேதியோடு குறித்து வையுங்கள்.

தனியாகக் கேட்காதீர்கள். ஒருத்தி கேட்டால், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பார்கள். ஐந்து பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டால், "வாங்க, பேசலாம்" என்பார்கள். மராத்தி ஆசிரியர்கள் ஆசாத் மைதானத்தில் நமக்குக் கற்றுத் தந்த பாடம் இதுவே. அவர்களுடைய சங்கங்களோடு பேசுங்கள். இந்த விஷயத்தில் அவர்கள் பசியும் நம் பசியும் ஒன்று.

பெற்றோர்களே, "காசு வராட்டியும் பரவாயில்லை, டீச்சர்னு பேர் இருக்கே, கல்யாணத்துக்கு ஆகும்" என்று சொல்வதை நிறுத்துங்கள். வேலை போய்விடுமோ என்று அவள் பயந்து நிற்கும்போது, "போனால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல் பத்து வக்கீலுக்குச் சமம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் மனு எழுதித் தரும் நம் அலுவலகத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஆசிரியைகளுக்கு ஒதுக்குங்கள். 1977 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுப்போம். யாராவது ஒரு தங்கை நீக்கப்பட்டால், முப்பது நாளில் முதல் வாரத்துக்குள் அவள் நம் படியேற வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகளுக்கு அகரமும் ஏபிசிடியும் கற்றுக்கொடுப்பவள் அந்தப் பெண். உழைத்தால் கூலி உண்டு என்பதையும் அவளைப் பார்த்துத்தான் அவர்கள் கற்க வேண்டும். கூலி கேட்கத் தெரியாத ஆசிரியையிடம் படிக்கும் பிள்ளை, நாளைக்கு எந்த முதலாளியிடம் கூலி கேட்கும்?